ரோடம் இருந்தும் லிங்க் ஏன் நான்கு மணி நேரம் படுத்தது?

டர்பன் வாசகர் ஒருவரின் கேள்வி: உம்லாங்காவில் ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டில் இருக்கும் எங்கள் சர்வர்களுக்கு 10 ஜிபிபிஎஸ் லேம்டா (ஃபைபருக்குள் ஓடும் ஓர் அலைநீள ஒளி) ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள் எங்கோ ஃபைபர் அறுந்து நான்கு மணி நேரம் லிங்க் இல்லை. ஒப்பந்தம் போடும்போது, 'எங்களுடையது ரோடம் (ஒவ்வொரு அலைநீள ஒளியையும் வேண்டிய இழைக்குத் திருப்பிவிடும் பெட்டி) நெட்வொர்க், அறுந்தால் ஒளி தானாகவே வேறு வழியில் போய்விடும்' என்றார்கள். லிங்க் திரும்பியபோது பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 7 மில்லி செகண்டிலிருந்து 12 ஆகியிருந்தது. இரண்டு நாள் கழித்து, பகல் வேளையில் ஒரு நிமிடம் விட்டுப்போய், மறுபடி 7க்கு வந்தது. அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். என்ன கேட்பது? பேசாமல் டார்க் ஃபைபர், அதாவது ஒளி ஏற்றாத வெறும் இழை, எடுத்து நாமே பெட்டி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பிங் எண்களைக் குறித்து வைத்தீர்களே, அது ரொம்ப நல்ல காரியம். பாதி விடை அதிலேயே இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோ செகண்ட் ஆகும். போய்த் திரும்ப 10. அந்தக் கணக்கில் 7 மில்லி செகண்ட் என்றால் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் இழை. டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு என்3 சாலை வழியே சுமார் 570 கிலோமீட்டர். இழை ஊருக்குள் வளைந்து சுற்றித்தான் போகும் என்பதால் இது பொருந்துகிறது. 12 என்றால் 1,200 கிலோமீட்டர். புளூம்ஃபொன்டைன் பக்கமாகச் சுற்றினால் கிட்டத்தட்ட அந்தத் தூரம் வரும்.

ஆக, அறுந்த கேபிளை ஒட்டி முடித்தது இரண்டு நாள் கழித்துத்தான். முதல் நாள் அந்த நான்கு மணி நேரத்தில் உங்கள் லேம்டாவை வேறு இழைக்குத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். மாற்று வழி இருந்திருக்கிறது, ஆனால் யாரோ கையால்தான் மாற்றியிருக்கிறார்கள். ரோடம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இதன் காரணம் புரியும்.

நீண்டதூர இழை ஒன்றில் ஒரே நேரத்தில் 80, 90 அலைநீளங்கள் ஓடும். எல்லாம் 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையிலான சி-பேண்டுக்குள் அடங்கும் அகச்சிவப்பு ஒளி. பேச்சு வசதிக்காக நிறம் என்கிறோம். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. பக்கத்துப் பக்கத்து லேம்டாக்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் சுமார் 0.4 நானோமீட்டர், அதாவது 50 கிகாஹெர்ட்ஸ்.

ஊருக்கு ஊர் இருக்கும் ரோடம் பெட்டிக்குள் அலைநீளம் தேர்ந்து மாற்றும் சுவிட்ச் ஒன்று இருக்கும். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சாமான் அதுதான். இழையிலிருந்து வரும் ஒளி, நுண்ணிய கோடுகள் கீறிய ஒரு தகட்டில் பட்டு, நிறம் நிறமாக விரிகிறது. விரிந்த ஒளிப்பட்டை திரவப் படிகச் சில்லு ஒன்றின் மேல் விழுகிறது. ஒவ்வொரு நிறமும் விழும் பகுதியில் உள்ள நுண்புள்ளிகளின் மின்னழுத்தத்தை மாற்றினால் அந்த நிறம் மட்டும் சற்றே வேறு கோணத்தில் திரும்பி, நாம் சொல்லும் வெளிவாசல் இழைக்குள் போய் நுழைகிறது. பக்கத்தில் இருக்கும் நிறங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மின்சாரமாக மாற்றிப் படித்து மறுபடி ஒளியாக்கும் வேலையே கிடையாது. வந்த ஒளி அப்படியே திரும்பிப் போகிறது. இத்தனையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

சுவிட்ச் இவ்வளவு வேகம் என்றால் நான்கு மணி நேரம் எங்கே போனது? எனக்குத் தெரிந்தவரை காரணம் பெரும்பாலும் இரண்டு முனைகளில்தான் இருக்கும்.

பல நெட்வொர்க்குகளில் நடுவில் உள்ள ரோடம்கள் எந்த நிறத்தையும் எந்தப் பக்கமும் திருப்பும். ஆனால் உங்கள் டிரான்ஸ்பாண்டர் (டேட்டாவைக் குறிப்பிட்ட நிற ஒளியாக்கும் கருவி) செருகியிருக்கும் வாசல், அதாவது போர்ட், ஒரே நிறத்துக்கும் ஒரே திசைக்கும் கட்டுப்பட்டதாக இருக்கும். விலை குறைவு என்பதால் அப்படி வைப்பார்கள். உங்கள் வாசல் என்3 வழியிலுள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் திசைக்கு மட்டும் என்றால், மற்றத் திசை முழுதும் காலியாகக் கிடந்தாலும் பிரயோஜனமில்லை. ஆள் வண்டி எடுத்துக்கொண்டு போய் பேட்ச் கார்டை (பெட்டிகளை இணைக்கும் சின்ன ஃபைபர் வயர்) கழற்றி வேறு வாசலில் செருக வேண்டும். இரண்டு முனைகளிலும். நான்கு மணி நேரத்துக்கு அதுவே போதும்.

இன்னொரு சிக்கல், நிறம். இடையில் மின்சாரமாக மாறாத ஒளி புறப்பட்ட நிறத்திலேயே கடைசிவரை போயாக வேண்டும். மூன்று பஸ் மாறிப் போகும் பயணத்தில், மூன்றிலும் 14ஆம் எண் சீட்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பது போல. ஒரு பஸ்ஸில் அது நிரம்பியிருந்தாலும் பயணம் நடக்காது. பெரிய கேபிள் அறும்போது உங்களைப் போல ஐம்பது வாடிக்கையாளர்கள் ஒரே சமயத்தில் மாற்று வழியில் இடம் தேடுவார்கள். யாருக்கு முதலிடம் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். உங்களுடையதை எடுத்து 'இயன்றவரை' என்ற வார்த்தை எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் தானாக நடக்கும் நெட்வொர்க்கிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் மாறிவிடாது. வழியில் சுமார் 80 கிலோமீட்டருக்கு ஒன்று என நிற்கும் ஆம்ப்ளிஃபையர்கள் எல்லா நிறங்களையும் சேர்த்தே பெருக்குகின்றன. திடீரென்று புது நிறங்கள் நுழைந்தால் ஏற்கெனவே ஓடுகிறவற்றின் அளவு ஆடும். அதனால் ஒளியின் சக்தியைக் கட்டம் கட்டமாகத்தான் ஏற்றுவார்கள். லேசர் நிறம் மாற வேண்டும், ரிசீவர் புது இழையின் குணத்தைக் கணக்கிட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் முதல் சில நிமிடங்கள் வரை ஆகும். விற்பனைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் '50 மில்லி செகண்டில் மாறிவிடும்' என்பது வேறு சரக்கு: இரண்டு வழிகளிலும் எப்போதும் ஒளி ஓடிக்கொண்டிருக்க, முனையில் சுவிட்ச் மட்டும் மாறுவது. அதற்குத் தனி விலை.

சரி, புதுப்பிக்கும்போது கேட்க வேண்டியவை. இரண்டு முனைகளிலும் வாசல் எந்த நிறத்துக்கும் எந்தத் திசைக்கும் மாறக்கூடியதா என்று எழுத்தில் கேளுங்கள். முதன்மை வழி, மாற்று வழி இரண்டின் வரைபடக் கோப்பையும் வாங்கி, கூகுள் எர்த்தில் போட்டு, உங்கள் கட்டடத்திலிருந்து முதல் சில கிலோமீட்டரை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த நாட்டில் கம்பெனி வேறு, பள்ளம் ஒன்று என்பது சர்வ சாதாரணம். செம்பு கிடைக்கும் என்று திருடர்கள் தோண்டினாலும் சரி, 2022 ஏப்ரலில் குவாசுலு-நட்டாலில் வந்தது போல வெள்ளம் வந்தாலும் சரி, ஒரே பள்ளத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். வழியிலுள்ள ஆம்ப்ளிஃபையர் நிலையங்களில் மின்வெட்டைத் தாங்க எத்தனை மணி நேர பேட்டரி இருக்கிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பழுது சரியான பிறகு பழைய வழிக்குத் திரும்புவதும் ஒரு துண்டிப்புதான். உங்களுக்குப் பகலில் அந்த ஒரு நிமிடம் போனது இதனால்தான். முன்கூட்டிச் சொல்லிவிட்டு, இரவு வேளையில் மட்டுமே திருப்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கையெழுத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முதன்மை வழியை வேண்டுமென்றே அணைக்கச் சொல்லி, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். அதற்குத் தயங்கும் நிறுவனத்தின் 'தானாகவே' என்ற வார்த்தையை நான் நம்ப மாட்டேன்.

என்னைக் கேட்டால், மாற்று வழிக்கான பாதுகாப்புக் கட்டணத்தை ஒரே நிறுவனத்துக்குக் கொடுப்பதைவிட, வேறு பள்ளத்தில் வரும் இன்னொரு நிறுவனத்திடம் ஒரு சின்ன லிங்க் எடுப்பது மேல். 1 ஜிபிபிஎஸ் கூடப் போதும். மருந்து ஆர்டர்கள் ஓடினால் சரி, டேட்டா பேக்கப் எடுக்கும் வேலை காத்திருக்கலாம். முதன்மை லிங்க் விழுந்ததைக் கண்டுபிடித்து மாற்றும் வேலையை உங்கள் ரவுட்டரே ஒரு நொடிக்குள் செய்துவிடும், லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் பிஎஃப்டி வசதியை இயக்கி வைத்தால்.

டார்க் ஃபைபர் இப்போதைக்கு வேண்டாம். 700 கிலோமீட்டருக்கு இடையில் ஏழெட்டு ஆம்ப்ளிஃபையர் நிலையங்களில் உங்களுக்கு இடமும் மின்சாரமும் வேண்டும், நடுராத்திரியில் வழியிலுள்ள ஹாரிஸ்மித்துக்குப் போக ஆளும் வேண்டும். உம்லாங்காவுக்கும் ரிவர்ஹார்ஸ் வேலி டேட்டா சென்டருக்கும் இடையே என்றால் கதை வேறு: அந்தத் தூரத்துக்கு ஆம்ப்ளிஃபையரே தேவையில்லை, இரண்டு முனைகளிலும் சாதாரண ஆப்டிக் மாட்யூல்கள் போதும். அந்தத் துண்டுக்கு மட்டும் தனியாக விலை கேட்டுப் பாருங்கள்.