கொன்றவர்களை ஆராய்வது எதற்காக? வாசகர் கேள்வி பதில்

2002 பாலிக் குண்டுவெடிப்பை நடத்தியவர்களின் இயக்கமான இந்தோனேசியாவின் ஜெமா இஸ்லாமியா 2024இல் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது குறித்துச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில், அந்த இயக்கத்தாரையும் அவர்களை ஆராய்கிறவர்களையும் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இம்முறை பதில் தருகிறோம்.

வாசகர், மதுரை: 2002 அக்டோபர் 12 அன்று பாலித் தீவில் 202 பேரைக் கொன்றவர்களைத் தேடிப்போய் நேர்காணல் செய்கிறார்கள், அவர்களைப் பற்றி நூல்கள் எழுதுகிறார்கள். இறந்தவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? கொலைகாரர்களுக்கு இத்தனை கவனம் தகுமா?

இறந்தவர்களின் பெயர்கள் மறக்கப்பட்டு, குற்றவாளிகளுள் ஒருவரான அம்ரோசியின் சிரித்த முகம் மட்டும் மக்கள் மனத்தில் தங்கிவிட்டது பெரிய அநியாயம் என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அந்த முகத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டவை பத்திரிகைகள். ஆய்வாளர்கள் செய்த வேலை வேறு, அதன் பெரும்பகுதி யார் கண்ணிலும் படாமல் நடந்தது.

பாலியில் குண்டு வெடிப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, 2002 ஆகஸ்டில், சர்வதேச நெருக்கடிக் குழு என்ற அமைப்பு ஓர் அறிக்கையை வெளியிட்டது. மத்திய ஜாவாவில் சோலோ நகரை ஒட்டிய ங்ருக்கி என்ற இடத்தில் அல் முக்மின் என்றொரு பெசந்திரன், அதாவது மாணவர்கள் தங்கிப் படிக்கும் மார்க்கக் கல்விக்கூடம், இருக்கிறது. அதன் நிறுவனர்களைச் சுற்றி வளர்ந்த ஒரு வலைப்பின்னல் எப்படிக் கடல் கடந்தும் பரவியிருக்கிறது என்பதை அந்த அறிக்கை பெயர் பெயராக விவரித்தது. அதே ஆண்டில் இந்தோனேசியாவின் துணை அதிபர் ஹம்சா ஹாஸ், தம் நாட்டில் பயங்கரவாதிகளே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அறிக்கைக்குப் பின்னால் இருந்தவர் சிட்னி ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. இவர் 1980களில் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலில் இந்தோனேசியாவுக்கான ஆய்வாளராக இருந்து, சுகார்த்தோ ஆட்சியில் சிறையிலிடப்பட்ட இஸ்லாமிய இயக்கத்தாரின் வழக்குகளைப் பதிவு செய்தவர். அந்தப் பழைய வழக்குகளின் வழியே அவர் அறிந்திருந்த வட்டாரத்திலிருந்துதான் பின்னாளில் ஜெமா இஸ்லாமியா திரண்டது. கைதிகளின் உரிமைக்காக எழுதிய அதே கை, அவர்கள் வழிவந்தவர்களின் வன்முறையைப் பற்றியும் எச்சரித்தது. இதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு, 2004இல் இந்தோனேசியாவை விட்டு வெளியேற்றப்பட்டதுதான். மறு ஆண்டு அனுமதி கிடைத்துத் திரும்பி வந்தார், 2013இல் ஜகார்த்தாவில் தனி ஆய்வு நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். ஆகஸ்டிலேயே வந்த அந்த எச்சரிக்கையை அதிகாரத்தில் இருந்தவர்கள் பொருட்படுத்தியிருந்தால் அக்டோபர் எப்படி இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆயினும் இத்தகைய ஆய்வு இறந்தவர்களை அவமதிப்பதாக என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

வாசகி, ஜொகூர் பாரு: உலு திராம் எங்களுக்கு அடுத்த ஊர் போலத்தான். அங்கிருந்த ஒரு மார்க்கப் பள்ளிக்கும் பாலிக்கும் தொடர்பு உண்டு என்கிறார்கள். பல்கலைக்கழக விரிவுரையாளர்கள்கூட இதில் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்?

தாங்கள் குறிப்பிடுவது லுக்மானுல் ஹக்கீம் பள்ளியை. அதை உலு திராமில் நிறுவியவர் முக்லாஸ் என்கிற அலி குஃப்ரோன். பாலி வழக்கில் மரண தண்டனை பெற்று 2008 நவம்பர் 9 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட மூவருள் ஒருவர். பள்ளியைப் பிறகு மலேசிய அரசு மூடிவிட்டது.

கதை அதற்கும் வெகு முன்னரே தொடங்குகிறது. 1949இல் மேற்கு ஜாவாவில் கார்த்தோசுவிரியோ என்பவர் இந்தோனேசிய இஸ்லாமிய அரசு ஒன்றைப் பிரகடனம் செய்தார். தாருல் இஸ்லாம் எனப்பட்ட அந்தக் கிளர்ச்சி, 1962இல் அவர் பிடிபட்டு மரண தண்டனை பெற்றதோடு ஒடுங்கியது. ஆனால் அதன் குடும்பங்களும் நினைவுகளும் ஒடுங்கவில்லை. அந்த மரபில் வந்தவர்களும் ங்ருக்கிப் பள்ளியின் நிறுவனர்களுமான அப்துல்லா சுங்கரும் அபு பக்கர் பஷீரும் சுகார்த்தோ ஆட்சியில் சிறைப்பட்டு, மீண்டும் கைதாகும் நிலை வந்தபோது 1985இல் மலேசியாவுக்குத் தப்பினார்கள். அங்கிருந்தபடியே இளைஞர்களைப் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் எல்லையில் இருந்த பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். 1993இல் தாருல் இஸ்லாமிலிருந்து பிரிந்து ஜெமா இஸ்லாமியாவை உருவாக்கினார்கள். இயக்கத்தை மந்திகி எனப்படும் வட்டாரங்களாகப் பிரித்திருந்தார்கள். முதல் மந்திகியின் எல்லைக்குள் வந்தவை மலேசியாவும் சிங்கப்பூரும்.

விரிவுரையாளர்கள் என்று தாங்கள் எழுதியிருப்பது பொருத்தமே. குண்டு தயாரிப்பில் முக்கியப் பங்கு வகித்த அசஹாரி ஹுசின், இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். வறுமையும் படிப்பின்மையும்தான் மனிதரை இப்பாதைக்குத் தள்ளுகின்றன என்ற வழக்கமான விளக்கம் அவரிடம் நிற்காது. ஆய்வாளர்கள் பொறுமையாகத் தேடியபோது அவர்களுக்குக் கிடைத்தது வேறொன்று: குடும்பம், பள்ளி, ஆசான். முக்லாஸ், அம்ரோசி, அலி இம்ரோன் மூவரும் கிழக்கு ஜாவாவின் தெங்குளுன் என்னும் ஊரில் பிறந்த உடன்பிறப்புகள். முக்லாஸின் மனைவியோ நாசிர் அப்பாஸ் என்ற மலேசியரின் தங்கை. அந்த நாசிர் அப்பாஸ்தான் இயக்கத்தின் மூன்றாம் மந்திகிக்குத் தலைமை தாங்கியவர். இயக்கத்தில் ஒருவரை நம்பலாமா என்ற கேள்விக்குத் திருமண உறவே பாதி விடையாக இருந்திருக்கிறது. ஒருவர் விலக நினைத்தால் இயக்கத்தை மட்டும் விட்டுப் போவதில்லை, மைத்துனரையும் மாமனாரையும் பிள்ளைகள் படிக்கும் பள்ளியையும் சேர்த்தே விட வேண்டியிருந்தது. கொள்கையைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர்கள் இதைக் காணத் தவறினார்கள்.

இந்த உறவுகள் எங்கே கிடைத்தன என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நீதிமன்றக் கோப்புகளில். இந்தோனேசியாவில் விசாரணை அதிகாரி கேட்ட கேள்வியும் கைதி சொன்ன பதிலும் வரிசையாகத் தட்டச்சு செய்யப்பட்டு வழக்கோடு இணைக்கப்படும். ஒரு கோப்பில் ஒருவர் தம் திருமணத்தை நடத்தி வைத்தது யார் என்று போகிற போக்கில் சொல்லியிருப்பார், இன்னொரு கோப்பில் அதே பெயர் முகாம் பயிற்றுநராக வரும். இவ்வாக்குமூலங்களுள் சில அடித்துப் பெறப்பட்டவையாகவும் இருக்கக்கூடும் என்பதால், ஒரே செய்தி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் காணப்படும்வரை நல்ல ஆய்வாளர் அதை எடுத்தாள்வதில்லை.

இந்த எச்சரிக்கை எவ்வளவு அவசியம் என்பதைத் தங்கள் ஊரே காட்டியது. 2024 மே மாதம் உலு திராம் காவல் நிலையத்தில் இரண்டு காவலர்கள் கொல்லப்பட்டபோது, தாக்கியவர் ஜெமா இஸ்லாமியாவைச் சேர்ந்தவர் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அவர் தனித்துச் செயல்பட்டவர் என்று உள்துறை அமைச்சரே தெளிவுபடுத்த நேர்ந்தது. முதல் அறிவிப்பு பரவிய வேகத்தில் திருத்தம் பரவவில்லை.

வாசகர், சிங்கப்பூர்: எங்கள் யீஷூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தைத் தாக்கும் நோக்கில் படமெடுத்த காணொளி காபூலில் கிடைத்த செய்தியை மறக்க முடியவில்லை. 2001 டிசம்பரில் இங்கே கைதான ஜெமா இஸ்லாமியாவினருக்கு உஸ்தாதுகள், அதாவது மார்க்க ஆசிரியர்கள், ஆலோசனை வழங்கியதையும் அறிவேன். இப்படிப்பட்டவர்கள் உண்மையிலேயே மாறுகிறார்களா, மாறியதாக நடிக்கிறார்களா?

இரண்டுக்கும் எடுத்துக்காட்டுகள் உண்டு. முதலில் நாசிர் அப்பாஸைப் பற்றிச் சொல்கிறேன். பாலிக் குண்டுவெடிப்பில் ஈடுபட்டவர்களுள் சிலர் ஆப்கானிஸ்தான் நாட்களில் அவரிடம் பயிற்சி பெற்றவர்கள். தாம் போர்க்களத்துக்காகக் கற்றுக்கொடுத்ததை அவர்கள் உல்லாசப் பயணிகள் மீது பயன்படுத்தியதை அவரால் ஏற்க முடியவில்லை. 2003 ஏப்ரலில் பிடிபட்டபோது, காவலர்கள் தம்மைச் சுட்டுவிடட்டும் என்றே எதிர்த்துப் போராடியதாக அவர் பின்னர் கூறியிருக்கிறார். சுடவில்லை. மரியாதையாகப் பேசிய ஓர் அதிகாரியிடம்தான் அவர் மனம் திறந்தார். அதன்பின் சிறைகளுக்குச் சென்று பழைய தோழர்களிடம் பேசத் தொடங்கினார், 2005இல் இயக்கத்தின் உள்கட்டமைப்பை விளக்கும் நூலொன்றையும் வெளியிட்டார். பழைய தோழர்களுள் பலர் அவரைத் துரோகி என்றார்கள்.

இதைப் படிக்கும்போது பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பாலி வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, வருத்தம் தெரிவித்து, காவல்துறைக்கு உதவிவந்த அலி இம்ரோன், 2004இல் காவல் அதிகாரி ஒருவரோடு ஜகார்த்தாவின் காபிக் கடையில் அமர்ந்திருந்தது வெளியே தெரிந்தபோது எழுந்த கோபம் இயல்பானது. அதே குண்டுவெடிப்புக்காக 20 ஆண்டுத் தண்டனை பெற்ற உமர் பாத்தேக் 2022 டிசம்பரில் நிபந்தனையின் பேரில் விடுதலையானபோதும் அந்தக் கோபம் மீண்டும் எழுந்தது. மனம் மாறியவரின் உதவி தேவை என்பதும், அவரால் தம் பிள்ளையை இழந்த தாய் அவரை மன்னிக்கக் கடமைப்படவில்லை என்பதும் ஒருசேர உண்மை.

ஜூலி செர்னோவ் ஹுவாங் என்ற அரசியல் அறிஞர், இந்தோனேசியத் தீவிரவாதிகளுள் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகளில் நேரில் சந்தித்தார், சிலரைத் திரும்பத் திரும்பச் சந்தித்தார். மார்க்க வாதத்தில் தோற்று ஒரே நாளில் மாறியவர்கள் அவர் சந்தித்தவர்களுள் அபூர்வம். வன்முறையால் பயனில்லை, கேடுதான் விளைந்தது என்ற கணக்கு, தாயாரின் கண்ணீர், பிள்ளைகளின் படிப்பு, இயக்கத்துக்கு வெளியே அமைந்த புதிய நட்பு ஆகியவை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து மெல்ல விலக்கியிருக்கின்றன. வன்முறையைக் கைவிட்ட பின்னும் பழைய கொள்கையைக் கைவிடாதவர்களும் அவர்களுள் உண்டு. ஆகவே மாறிவிட்டாரா என்று பொதுவாகக் கேட்பதைவிட, விடுதலைக்குப் பின் யாரோடு பழகுகிறார், எதில் பிழைக்கிறார் என்று கேட்பதே பயன் தரும். உஸ்தாதுகளின் ஆலோசனைக்கு மதிப்புண்டு என்றே எண்ணுகிறேன். அதனோடு வேலையும் குடும்பத்துக்கு ஆதரவும் சேராவிட்டால் அது நிலைக்காது.

வாசகி, கோயம்புத்தூர்: இப்படி ஆராய்ந்து எழுதுவதே ஒரு சமுதாயம் முழுவதையும் சந்தேகிக்க வைக்காதா?

மேலோட்டமாக எழுதினால் நிச்சயம் அப்படித்தான் ஆகும். நுணுக்கமான ஆய்வு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கோடிக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட நஹ்தத்துல் உலமா, முகம்மதியா ஆகிய இரு பெரும் முஸ்லிம் அமைப்புகள் உள்ள நாட்டில், சில ஆயிரம் பேரே சேர்ந்த ஓர் இயக்கம், குறிப்பிட்ட சில பள்ளிகள், குறிப்பிட்ட சில குடும்பங்கள் என்று அது எல்லையை வரைந்து காட்டுகிறது. ங்ருக்கியில் படித்த நூர் ஹுதா இஸ்மாயில் பத்திரிகையாளராகி, தம் பழைய அறைத்தோழர் பாலி வழக்கில் சிக்கியதை அறிந்து, விடுதலையானவர்களின் மறுவாழ்வுக்காக உழைக்க வந்தார். ஒரே அறையில் படுத்துறங்கிய இருவர் இரு வழியில் போனார்கள் என்பதைச் சொல்ல, அந்த அறையை அறிந்த ஒருவர் வேண்டும்.

வாசகர், சென்னை: இயக்கத்தைக் கலைத்துவிட்டோம் என்று அவர்களே அறிவித்ததை நம்பலாமா?

2024 ஜூன் 30 அன்று போகோரில் மூத்த தலைவர்கள் 16 பேர் கூடி அதை அறிவித்தார்கள். 2019இல் கைதான தலைவர் பாரா விஜயந்தோவும் அவர்களுள் ஒருவர். தங்கள் பள்ளிகளின் பாடத்திட்டத்தைத் திருத்துவதாகவும் உறுதியளித்தார்கள். இது திடீர் முடிவன்று. வன்முறை இயக்கத்துக்கே கேடு என்ற விவாதம் பாலிக்குப் பிறகு அவர்களுக்குள்ளேயே நெடுங்காலம் நடந்துவந்தது. எனவே நான் இதைப் பெருமளவு நம்புகிறேன். எனினும் 2020இல், கடைகளின் கல்லாவருகே வைக்கப்பட்டிருந்த சாதாரண நன்கொடைப் பெட்டிகளுள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை இந்த இயக்கத்தோடு தொடர்புடையவை என்று காவல்துறை கூறியது. அத்தனை பரவலாக வேர்விட்டிருந்த ஒன்றில் தலைவர்களின் சொல்லைக் கேளாத சிலர் இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதே விவேகம்.

வாசகர், திருச்சி: முதுகலை முடிக்கும் என் மகள் இத்துறையில் ஆய்வு செய்ய விரும்புகிறாள். எனக்கு அச்சமாக இருக்கிறது. என்ன சொல்வது?

தடுக்காதீர்கள். ஆனால் நேர்காணலிலிருந்து தொடங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் மொழிக்கே போகட்டும். இந்தோனேசிய மொழியைப் பேசவும், மார்க்கச் சொற்களைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அரபு மொழியைப் படிக்கவும் தெரியாமல், பிறர் மொழிபெயர்த்துத் தந்ததை வைத்து எழுதுபவர்கள் இத்துறையில் ஏற்கெனவே ஏராளம். அடுத்து நீதிமன்ற ஆவணங்களைப் படிக்கட்டும். உயிர் பிழைத்தவர்கள் அளித்த சாட்சியங்களை முதலில் படிப்பது நல்லது, யாருக்காக இதைச் செய்கிறோம் என்பது அப்போது மனத்தில் பதியும். யாரையேனும் சந்திக்கும் நிலை வந்தால், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், அந்த ஊரை அறிந்த மூத்த ஆய்வாளர் ஒருவரின் துணையும் இல்லாமல் போகக்கூடாது. தீவிரவாதிகள் வெளியிடும் காணொளிகளை இரவில் தனியே அமர்ந்து பார்க்கும் பழக்கம் வேண்டாம், அதனால் தூக்கம் கெட்டு மனம் நொந்தவர்கள் உண்டு. வாரம் ஒருமுறை அவள் தங்களோடு பேசுகிறாளா என்பதை மட்டும் தாங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.