பழைய பாகங்களைக் கொண்டு கட்டடம் கோக்க ஏ.ஆர். உதவுமா?

இடித்த கட்டடங்களிலிருந்து எடுத்த இரும்புச் சட்டங்களைப் பட்டறையில் பாகம் பாகமாகத் தயார்செய்து களத்தில் கோக்கும்போது, ஆக்மென்டட் ரியாலிட்டி (ஏ.ஆர்.), அதாவது கண்ணெதிரே உள்ள காட்சியின் மேல் கணினி வரைபடத்தைப் பொருத்திக் காட்டும் முறை, உண்மையில் பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தச் சட்டம் எங்கே, எந்தப் பக்கம் மேலாகப் போக வேண்டும் என்பதைச் சொல்வதற்கு அது மிகவும் பயன்படும். அந்தச் சட்டம் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டதா என்பதற்கு அதை நம்பக் கூடாது.

நான் சென்னை மணலியில் ஒரு சிறிய ஃபேப்ரிகேஷன் பட்டறையில் பொறியாளராக இருக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிய பகுதி என்பதால் பழைய கன்டெய்னர்களுக்கும், பிரிக்கப்படும் குடோன்களின் இரும்புக்கும் எங்கள் பக்கம் பஞ்சமில்லை. இவற்றுள் கன்டெய்னருக்கு ஏ.ஆர். தேவையே இல்லை. 20 அடிக் கன்டெய்னர் எங்கே செய்யப்பட்டாலும் அதன் நீளம் 6.058 மீட்டர், அகலம் 2.438 மீட்டர்தான். பெரும்பாக்கத்தில் 2022-இல் திறக்கப்பட்ட, முன்வார்ப்புக் கான்கிரீட்டால் ஆன 1,152 வீடுகளுக்கும் ஏறத்தாழ இதுவே பொருந்தும். ஒரே அச்சில் வார்த்த பலகைகளை ஒரு வரைபடத்தாளே கோத்துவிடும். குடோனிலிருந்து வரும் ஐ பீமும் (I வடிவ இரும்புச் சட்டம்) டிரஸும் (கூரையைத் தாங்கும் பின்னல் சட்டம்) அப்படிப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு நீளம். ஒன்றில் பழைய போல்ட் துளைகள், இன்னொன்றில் வெல்டிங் தழும்பு, மற்றொன்றில் கண்ணுக்குத் தெரியாத வளைவு. ஒரே மாதிரி இரண்டு பாகம் இல்லாத இடத்தில், தாளில் எழுதிய வரைபடத்தைப் படித்துப் படித்து ஃபிட்டர் சலித்துப்போவார். 1990-ஆம் ஆண்டுவாக்கில் போயிங் நிறுவனத்தில் டாம் காடல் 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்ற பெயரைச் சூட்டியதும் இதே போன்ற சிக்கலுக்காகத்தான்: விமானத்தின் கம்பிக் கட்டுகளைப் பலகையின் மேல் கோக்கும் தொழிலாளி, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று வரைபடத்துக்கும் பலகைக்கும் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் திரையில் படம் வருவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலையே பெரிது. ஒவ்வொரு சட்டத்தையும் அளந்து, துளைகளின் இடத்தைக் குறித்து, அதன் உடலிலேயே அடையாள எண்ணைப் பன்ச் அடித்துப் பதிக்க வேண்டும்; ஒட்டிய ஸ்டிக்கர் நிற்காது. பழைய இரும்புக்கு மில் சர்டிஃபிகேட் (ஆலை தரும் தரச் சான்றிதழ்) இருக்காது என்பதால், ஒரு துண்டு வெட்டி, எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்று பார்க்கும் இழுவிசைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர் கடற்கரையோரம் நின்றிருந்த இரும்பென்றால் உப்புக்காற்று எவ்வளவு தின்றிருக்கிறது என்று தடிமன் அளக்கும் கருவியால் பார்ப்பதும் அவசியம். ஐ.எஸ்.எம்.பி. 200 என்ற, 200 மி.மீ. உயர ஐ பீமின் நடுத்தகடு புதிதாக இருந்தபோதே 5.7 மி.மீ. கனம்தான், அதில் 1 மி.மீ. போய்விட்டால் கணக்கே மாறிவிடும். இந்த விவரங்களை ஊட்டாமல் விட்டால், திரை அழகாகக் காட்டும் பீம் களத்தில் கிடக்கும் பீமாக இருக்காது.

அடுத்தது துல்லியம். 20 மி.மீ. போல்ட்டுக்கு நாம் போடும் துளை 22 மி.மீ.; இடையில் கிடைக்கும் இடைவெளி 2 மி.மீ. மட்டுமே. டேப்லெட்டோ தலையில் அணியும் ஏ.ஆர். கண்ணாடியோ காட்டும் பிம்பம் நகர நகர விலகிக்கொண்டே போய், ஓரிரு சென்டிமீட்டர் வரை தள்ளி நிற்பது சாதாரணம். இரும்புக் குவியலுக்கு நடுவே கருவியின் திசைகாட்டியும் தடுமாறும். எங்கள் முதல் வேலையில், பிம்பத்தின் தொடக்கப் புள்ளியைக் கருவிக்குக் காட்டும் க்யூ.ஆர். குறியை ஒரு பிளைவுட் பலகையில் ஒட்டியிருந்தோம். பளு தூக்கும் செயின் பிளாக்கை நகர்த்திய யாரோ அந்தப் பலகையைச் சற்றுத் தள்ளிவிட, மொத்தக் கட்டடமும் திரையில் நான்கு விரற்கடை இடம்பெயர்ந்துவிட்டது. அதைப் பார்த்து இரண்டு கிளீட்டுகளில் (சட்டங்களை இணைக்கும் சிறு இரும்புத் துண்டுகள்) துளையும் போட்டாகிவிட்டது. "இன்னா சார், இதுல பார்த்தா கரெக்டா கீது, போல்ட்டு எறங்க மாட்டேங்குது" என்றார் எங்கள் ஃபிட்டர். தவறு அவருடையது அன்று, என்னுடையது. அதன்பின் குறிகளை டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியால் அளந்து அஸ்திவாரத் தூணிலேயே பதிக்கிறோம். ஒவ்வொரு நாள் காலையிலும் ஏற்கெனவே முறுக்கிய ஒரு போல்ட்டின் மேல் பிம்பம் சரியாக விழுகிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குகிறோம். இறுதித் தீர்ப்பு தூக்குக்குண்டுக்கும் டியூப் லெவலுக்கும்தான்.

கருவியைப் பொறுத்தவரை கண்ணாடியை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஹோலோலென்ஸ் 2 என்ற ஏ.ஆர். கண்ணாடியின் உற்பத்தியை மைக்ரோசாஃப்ட் 2024-இல் நிறுத்திவிட்டது. மேலும் நம் ஊர் நண்பகல் வெயிலில் அத்தகைய கண்ணாடிகளில் படம் வெளிறிப்போகும். நல்ல டேப்லெட் போதும், அதுவும் சூடேறி அணைந்துவிடும் என்பதால் நிழலுக்கு ஒரு தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றலாம். புதிய எஃகு ஒரு டன் உருவாக, உலகச் சராசரியில் ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. பழைய இரும்பை உருக்கினால் அது கணிசமாகக் குறையும். உருக்காமலே எடுத்து மாட்டினால் அளக்கவும் சுத்தம் செய்யவும் ஏற்றி இறக்கவும் ஆகும் செலவோடு நின்றுவிடும். கொடுங்கையூரில் மாநகராட்சிக்காக இயங்கும் இடிபாட்டுக் கழிவு ஆலை கான்கிரீட்டையும் செங்கல்லையும் நொறுக்கிப் பொடியாக்குவது நல்லதுதான். ஆனால் நொறுக்க வேண்டிய அவசியமே இல்லாத பீமையும் கதவையும் அதற்கு முன்னரே பிரித்தெடுத்துவிட வேண்டும்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், பத்துப் பதினைந்து சட்டங்கள் கொண்ட ஒரு ஷெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதப் பணத்தைத் தடிமன் அளக்கும் கருவிக்கும், எண் பன்ச் செட்டுக்கும், இழுவிசைச் சோதனைக்கும் ஒதுக்குங்கள். மென்பொருளுக்கான பணத்தை அதன் பிறகு எடுத்தால் போதும்.