ஆங்கிலத்தில் 'டு ஹூ' (to who) ஏன் பிழை?

தங்கச்சி, திருகோணமலைத் துறைமுகத்தில் கதைத்த மீனவரை 'த ஃபிஷர்மன் டு ஹூ ஐ ஸ்போக்' என்று எழுதியதற்கு டீச்சர் சிவப்புக் கோடு போட்டது சரிதான். 'டு' முன்னுக்கு வந்தால் ஆளுக்கு 'ஹூம்' மட்டுமே. 'ஹூ', 'தட்' நிற்காது. 'டு'வைக் கடைசிக்குத் தள்ளினால் 'ஹூ ஐ ஸ்போக் டு' சரி, 'தட்'டும் சரி. 'த ஃபிஷர்மன் ஐ ஸ்போக் டு' என்றும் விடலாம். கதைக்கும்போது அதுதான் இயல்பு.

எங்கட ஆக்கள் கூடுதலாகச் சறுக்கிற இடம் வேறு. 'மீனவரோடு கதைத்தேன்' என்பது 'நான் கதைத்த மீனவர்' ஆகும்போது 'ஓடு' மறைந்துவிடும். அந்தப் பழக்கத்தில் 'ஐ ஸ்போக்' என்றே நிறுத்திவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'டு' மறையாது. அதற்காக 'ஹூ ஐ ஸ்போக் டு ஹிம்' என்றும் எழுதாதேங்கோ. 'ஹிம்'மின் இடத்தை 'ஹூ' எடுத்துவிட்டது. முதலில் 'ஐ ஸ்போக் டு ஹிம்' என்று தனி வசனம் எழுதி, 'ஹிம்'மை மட்டும் வெட்டுங்கோ.