எட்டில் ஒன்று மனைவிக்கு, மீதி?

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரரே.

நேற்று மேற்படிப்பு பற்றிப் பேச வந்தபோது, உங்கள் மகனான தம்பியிடம் எட்டுக் கேள்விகள் கேட்டேன். ஆறுக்கு நீங்களே பதில் சொன்னீர்கள். குறையாகச் சொல்லவில்லை, பெற்ற மனம் முந்திக்கொள்ளும். ஆனால் எனக்கு வேண்டியது மீதி இரண்டில்தான் இருந்தது.

எந்தப் பாடம் பிடிக்கும் என்றதற்கு, "மதரஸாவில் ஃபராயிள்" என்றார், அதாவது இஸ்லாமிய வாரிசுப் பங்கீட்டுக் கணக்கு. ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகளை விட்டுவிட்டு இறந்தால் சொத்து எப்படிப் பிரியும் என்று கேட்டேன். மதிப்பெண் பட்டியலின் நகலைத் திருப்பிப்போட்டு எழுத ஆரம்பித்தார். மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஆக 24 பங்காக்கி 3, 14, 7. "தாயும் உயிரோடு இருந்தால்?" என்று அடுத்த கணக்கை அவரே தொடங்கினார். நீங்கள் அப்போது கைப்பேசியில் இருந்தீர்கள்.

"ஒன்று மார்க்கம் கற்ற ஆலிம், இல்லையென்றால் டாக்டர். மற்றதெல்லாம் வெறும் உலக ஆசை, துன்யா" என்றீர்கள். இந்தக் கோடு நம் முன்னோர் போட்டதல்ல. மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யா என்ற நூலில் மருத்துவத்தோடு கணிதத்தையும் ஃபர்ளு கிஃபாயா, அதாவது சமூகக் கடமை, என்கிறார்: ஊரில் போதுமான பேர் கற்றால் எல்லோர் பொறுப்பும் நீங்கும், ஒருவரும் கற்காவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். கணிதத்துக்கு அவர் காட்டும் காரணங்களில் சொத்துப் பங்கீடும் ஒன்று. முஸ்லிம் மருத்துவர் இல்லாத ஊரிலும் எல்லோரும் மார்க்கச் சட்டக் கல்விக்கே போய் மொய்க்கிறார்களே என்று அதே நூலில் வருந்துகிறார். "அப்படியென்றால் டாக்டர்தானே?" என்பீர்கள். அவர் காலத்துக் கூட்டம் ஒரு பக்கம்; இன்றைய கூட்டம் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில் கணித மேதை அல்-குவாரிஸ்மி எழுதிய அல்ஜீப்ரா நூலில் ஒரு பெரும் பகுதியே வாரிசுப் பங்குக் கணக்குகள்தான். தம்பி நடக்கும் பாதை பழைய பாதை.

பெரும் மருத்துவரான இப்னு ஸீனாவும், பிள்ளைக்குத் தொழில் தேர்ந்தெடுக்குமுன் அதன் இயல்பைப் பார்க்கச் சொன்னவர்தான். உயிரியல் புத்தகத்தை எடுத்தால் தம்பிக்குக் கொட்டாவி வருகிறது என்று நீங்களே சொன்னீர்கள்.

என் யோசனை: புள்ளியியல் அல்லது கணக்கியலில் பட்டப்படிப்பு. காப்பீட்டில் இடர்களைக் கணிக்கும் ஆக்சுவரி படிப்பையும் விசாரியுங்கள். தேர்வுகள் கடினம், வருடக்கணக்கில் இழுக்கும். வட்டி பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் வட்டியைத் தவிர்க்கும் இஸ்லாமியக் காப்பீடான தகாஃபுல் நிறுவனங்களுக்கும் இந்தக் கணிப்பாளர்கள் வேண்டும். மதரஸா ஆசிரியரான உஸ்தாதிடம் ஓதுவதை நிறுத்த வேண்டாம். ஃபராயிளை ஆழமாகக் கற்ற ஒரு கணக்காளர் எத்தனை குடும்பச் சண்டைகளைத் தவிர்ப்பார்!

இன்னொன்று. தேர்வு முடியும்வரை கால்பந்தை நிறுத்திவிட்டீர்களாம். பிள்ளையை விளையாட விடாமல் ஓயாமல் படிக்கவைத்தால் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கிவிடும், படிப்பிலிருந்து தப்பிக்கத் தந்திரம் தேடும் என்று எழுதியவரும் அதே கஸ்ஸாலிதான். தர்பியத், அதாவது பிள்ளை வளர்ப்பு, என்றால் தொழுகையும் ஒழுக்கமும் மட்டுமல்ல, உடம்பும் தூக்கமும் அதில் சேர்ந்தவை. அஸர் தொழுகைக்குப் பின், மாலையில், ஒரு மணி நேரம் மைதானத்துக்கு அனுப்புங்கள்.

அடுத்த சந்திப்புக்குத் தம்பி தனியாக வரட்டும். அந்த மதிப்பெண் நகலையும் கொடுத்தனுப்புங்கள். பின்பக்கத்தில் தாயின் பங்கு பாதியில் நிற்கிறது.