ஸ்காபரோக் குளிரில் வெடிக்கிற தோல்: புதுசாய் வந்த தங்கச்சிக்குப் பதில்

தங்கச்சி, நீங்கள் ஒரே மூச்சில் நாலு விசயம் கேட்டிருக்கிறீங்கள். யாழ்ப்பாணத்திலை இருந்து கனடாவுக்கு வந்து, ரொறொன்ரோவின்ரை ஸ்காபரோப் பக்கத்தில் பேஸ்மென்ற் (நிலக்கீழ் வீடு) ஒன்றில் இருக்கிறன், விரல் மடிப்பும் குதிக்காலும் வெடிச்சு இரத்தம் கசியுது, வீட்டிலேயே பாடி பட்டர் (கொழுப்பும் எண்ணெயும் சேர்த்து அடிக்கிற தோல் பூச்சு) செய்யலாமோ எண்டது முதலாவது. மற்றது ஜீ1 எண்ட கார் ஓட்டப் பழகுற அனுமதிக்கான சோதினை, வாடகை, செய்ததை விக்கலாமோ எண்டது. சோதினைக்கும் வாடகைக்கும் பதில் சொல்ல இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கினம், அவையிட்டைக் கேளுங்கோ. தோலைப் பற்றி நான் சொல்றன். இதில்தான் எங்கட சனம் ஆளுக்கொரு பிழையான யோசனையைச் சொல்லி, புதுசாய் வாற பிள்ளையளின்ரை கையை இன்னும் புண்ணாக்குது.

முதல்ல இங்கத்தைக் காத்தை விளங்கிக்கொள்ளுங்கோ. ஊரில் காத்திலேயே ஈரம் நிறைஞ்சிருக்கும். அதால குளிச்சுப்போட்டுக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தேய்ச்சால் காணும். இங்கை தை மாதத்தில் வெளியில் மறை (மைனஸ்) 15 பாகை செல்சியஸ் எண்டால், ஒரு கன மீற்றர் காத்து ஒன்றரைக் கிராம் அளவு தண்ணியைத்தான் தாங்கும். அதே காத்தை வீட்டுக்குள் 22 பாகைக்குச் சூடாக்கினால் அது 19 கிராம் வரைக்கும் இழுக்கிற காத்தாய் மாறிப்போகுது. அந்தத் தண்ணிக்கு அது எங்கை போகும்? உங்கட தோலிலையும் உதட்டிலையும் மூக்குக்குள்ளையும்தான் எடுக்கும். ஹீற்றரை 25, 26-இல் விட்டுப்போட்டு, எந்தக் கிரீமும் சரிவரேல்லை எண்டு சொல்றவை இங்கை கனக்கப் பேர். வீட்டை 20, 21-இல் வையுங்கோ. ஈரப்பதம் காட்டுற சின்ன மீற்றர் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டுங்கோ. 30 வீதத்துக்குக் கீழை போனால் ஹ்யுமிடிஃபயர் (காத்தை ஈரமாக்கிற கருவி) தேவை, 40-க்கு மேலை போனால் யன்னல் வேர்த்து பேஸ்மென்ற் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்.

இனி வீட்டில் செய்யிற பாடி பட்டர். அதில் தண்ணி ஒரு சொட்டும் இல்லை, அதால அது தோலை ஈரமாக்காது. அது ஒரு மூடி மட்டும்தான். உள்ளுக்குத் தண்ணி இருந்தால் வெளியில் போகாமல் காக்கும், காய்ஞ்ச தோலில் பூசினால் காய்ஞ்ச தோலைத்தான் மூடி வைக்கும். இதை விளங்காமல்தான் இரவு படுக்கேக்கை காய்ஞ்ச கையில் பூசிப்போட்டு, காலமை எழும்பி, ஷியா பட்டரும் (ஆபிரிக்க மரக்கொட்டைக் கொழுப்பு) பம்மாத்து எண்டு சொல்லுகினம். இளஞ்சூட்டுத் தண்ணியில் பத்து நிமிசத்துக்கு மேலை நிக்காமல் குளியுங்கோ. துவாயால் ஒற்றுங்கோ, தேய்க்க வேண்டாம். தோலில் ஈரம் இருக்கேக்கையே, குளியலறையை விட்டு வெளியில் வர முன்னமே பூசுங்கோ. கொதிக்கிற தண்ணியில் அரை மணித்தியாலம் நிண்டால் தோலின்ரை சொந்த எண்ணெயெல்லாம் கழுவுப்பட்டுப் போகும், பிறகு எதைப் பூசியும் சரிவராது.

200 கிராம் செய்ய அளவு இது. சுத்திகரிக்காத ஷியா பட்டர் 110 கிராம், கொக்கோ பட்டர் 30 கிராம், தேங்காயெண்ணெய் 20 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 40 கிராம், விற்றமின் ஈ எண்ணெய் அரைத் தேக்கரண்டி. எல்லாத்தையும் தராசில் நிறுங்கோ, கரண்டிக் கணக்குச் சரிவராது. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழை கட்டியாகும், 20, 21-இல் வைச்ச வீட்டில் அது கட்டிதான். அதைக் கூட்டினால் பட்டர் கல்லுப்போல இறுகும். அதோடை, எங்கட ஆக்களுக்குத் தேங்காயெண்ணெயில் இருக்கிற பற்றுக்கு இந்தக் குளிரில் நியாயம் இல்லை, தனிய அது காணாது. ஒலிவ் எண்ணெய் போடாதேங்கோ. அதில் ஒலெயிக் எண்ட கொழுப்பமிலம் கனக்க இருக்கு, அது தோலின் மேற்படையைக் குலைக்கும். 2013-இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு ஒன்றில் வளர்ந்தவர்களின் தோலில் பூசிப் பார்த்து அதைக் காட்டினவை, அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய் குலைக்கேல்லை. போத்தலில் 'ஹை ஒலெயிக்' எண்டு எழுதியிருந்தால் அந்தச் சூரியகாந்தி எண்ணெயும் வேண்டாம்.

ஷியா பட்டரைத் தமிழ்க் கடையில் தேடி அலையாதேங்கோ. அது மேற்கு ஆபிரிக்காவில், கானா, புர்கினா ஃபாசோ, நைஜீரியாப் பக்கத்துப் பெண்கள் கொட்டையை வறுத்து, அரைச்சு, கையால் கடைஞ்சு எடுக்கிற கொழுப்பு. அதைப் பற்றி அந்தச் சனத்துக்குத்தான் தெரியும். ரொறொன்ரோவில் எக்ளிண்டன் மேற்கிலும் ஜேன், பிஞ்ச் பக்கமும் இருக்கிற ஆபிரிக்க, கரீபியன் கடையளுக்குப் போய்க் கேளுங்கோ, பொறுமையாய்ச் சொல்லித் தருவினம். நல்லது தந்த நிறமாய், புகையும் கொட்டையும் கலந்த மணமாய் இருக்கும். கடும் மஞ்சளாய் இருந்தால் நிறத்துக்கு வேறை என்னவும் சேர்த்திருக்கலாம். எங்கட ஆக்களில் சிலர் இந்தக் கடையளுக்குள் கால் வைக்கவே தயங்குவினம். அது பெரிய இழப்பு.

ஒரு சட்டியில் இரண்டு விரல்கடை தண்ணி விட்டு மெல்லச் சூடாக்குங்கோ, தளதளக்க விட வேண்டாம். மேலை ஒரு கிண்ணத்தை வைச்சு முதல்ல கொக்கோ பட்டரை உருக்குங்கோ, அதுதான் பிந்தி உருகும். அது தெளிஞ்சதும் அடுப்பை நிப்பாட்டிப்போட்டு ஷியாவைப் போடுங்கோ, மிச்சச் சூடே அதுக்குக் காணும். பிறகு எண்ணெய்களை விட்டுக் கலக்குங்கோ. கிண்ணத்தை இறக்கினவுடன் அதின்ரை அடியைத் துடைக்க வேணும், ஆவி பிடிச்ச தண்ணி ஒரு சொட்டு உள்ளுக்கு விழுந்தாலும் பிறகு கரைச்சல். விரல் பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் விற்றமின் ஈயைச் சேர்த்து பிரீசருக்குள் வையுங்கோ. 15, 20 நிமிசத்தில் ஓரம் வெள்ளையாய் இறுகி, நடு இன்னும் மினுங்கிக்கொண்டு நிக்கும். பெருவிரலால் அமத்தினால் பள்ளம் விழவேணும், விரலில் ஒட்டி வழியக்கூடாது. அந்தப் பதத்தில் எடுத்து கேக் அடிக்கிற பீற்றரால் இரண்டு நிமிசம் மெதுவாய், பக்கங்களை வழிச்சுவிட்டுப் பிறகு நாலைந்து நிமிசம் வேகமாய் அடியுங்கோ. பீற்றரைத் தூக்கினால் முனை நிக்கும். பிசுபிசுப்புப் பிடிக்காதெண்டால் கடைசியில் ஒரு தேக்கரண்டி சோளமாவை அரிச்சுப் போடலாம்.

அடிச்சும் கெட்டிப்படேல்லை எண்டால் சூடு ஆறேல்லை, இன்னொரு ஐந்து நிமிசம் பிரீசரில் வைச்சு அடியுங்கோ. கட்டி கட்டியாய் உடைஞ்சால் கூட இறுகிப்போச்சு, அறையில் கொஞ்ச நேரம் விட்டுப்போட்டு அடியுங்கோ. எல்லாரும் முறையிடுறது மணல் மணலாய்க் கையில் உருளுறதைப் பற்றி. ஷியாவிலை இருக்கிற கொழுப்புகள் வெவ்வேறு சூட்டில் உறையும். மெதுவாய் ஆறவிட்டால் முதல்ல உறையிறது தனிய மணியாய்த் திரளும். பழுதில்லை, முழுக்க உருக்கி மணி ஒன்றும் இல்லாமல் தெளிய விட்டு, கெதியாய் பிரீசரில் ஆற்றி, திரும்ப அடிச்சால் சரி. கோடையில் காருக்குள் வைச்சு உருகி, திரும்ப மெல்ல இறுகின பட்டரிலும் இதுதான் நடக்கிறது.

இப்ப என்னைக் கோபப்படுத்துற விசயத்துக்கு வாறன். கத்தாழைச் சாறு, பன்னீர், தேன் எல்லாம் கலந்து 'முழுக்க இயற்கை, இரசாயனம் இல்லை' எண்டு எங்கட வாட்ஸ்அப் குழுக்களில் டப்பா டப்பாயாய் விக்கினம். தண்ணி சேர்ந்த கிரீமில் கிருமிகொல்லி போடாவிட்டால், கண்ணுக்கு ஒன்றும் தெரிய முன்னமே பக்ரீரியா பெருகும், பிறகுதான் பூஞ்சணம் தெரியும். விற்றமின் ஈ எண்ணெய் காறிப்போறதைப் பிந்த வைக்குமே தவிர கிருமியைத் தடுக்காது. அதை வெடிச்ச தோலில் பூசுறது புண்ணுக்குள் கிருமியைத் தேய்க்கிறதுதான். உங்கட பட்டரையும் ஈர விரலால் எடுக்காதேங்கோ, காய்ஞ்ச சின்னக் கரண்டி ஒன்று வைச்சிருங்கோ. குளிரான, இருட்டான இடத்தில் ஆறு மாதம் இருக்கும். பழைய எண்ணெயின் காறல் மணம் வந்தால் எறிஞ்சு விடுங்கோ. வாசனை எண்ணெய் வெடிச்ச தோலுக்கு வேண்டவே வேண்டாம். நல்ல தோலுக்கு எண்டால் இந்த அளவுக்கு லாவண்டர் 20 சொட்டுக்கு மேலை போகாதேங்கோ. எலுமிச்சம் சாறும் பேக்கிங் சோடாவும் தேய்க்கச் சொல்றவையின்ரை கதையைக் கேக்காதேங்கோ.

உங்கட கைக்குக் காரணம் குளிர் மட்டும் இல்லை. உணவகத்தில் வேலை எண்டு எழுதியிருக்கிறீங்கள். 1980களின் பின்பகுதியில் வந்த எங்கட பொடியள் கனபேர் தொடங்கினது கோப்பை கழுவுற வேலையில்தான். சவர்க்காரத் தண்ணிக்குள் எட்டு மணித்தியாலம் நிண்ட கை, பஸ்ஸுக்குக் காத்து நிக்கேக்கை விரல் மூட்டுகளில் பிளக்கும். அப்ப கையுறை கேட்டால் வேலை போயிடும் எண்ட பயம் இருந்தது. நீங்கள் பயப்பிடாமல் கேளுங்கோ. உள்ளுக்கு மெல்லிய பருத்திக் கையுறை, மேலை நைற்ரைல் எண்ட செயற்கை ரப்பர்க் கையுறை. உள்கையுறை வேர்வையில் நனைஞ்சால் மாத்துங்கோ. வேலை முடிஞ்சு கழுவினவுடன், ஈரத்தோடை பட்டர் அல்லது சாதாரண வஸ்லின். மூடி எண்ட வேலையில் வஸ்லின் இந்த எல்லாத்தையும் விடத் திறம், விலையும் குறைவு. இயற்கை இல்லை எண்டு முகம் சுழிக்கிறவையை எனக்கு விளங்கிறதில்லை. பத்து நாளில் ஆறாமல் சிவந்து, சொறியச் சொல்லிக் கடிச்சால் அது வெறும் வறட்சி இல்லை. எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில் 2023 தையில் இருந்து மருந்துக்கடை பார்மசிஸ்ற்றே சில சின்ன வருத்தங்களுக்கு மருந்து எழுதலாம், தோல் அழற்சியும் அதுக்குள் வருது. அங்கை கேளுங்கோ.

குதிக்காலுக்கு அடிச்ச பட்டர் மெல்லிசு. தேன்மெழுகு 20 கிராம், ஷியா 40, நல்லெண்ணெய் 40. மெழுகு 62 பாகைக்கு மேலைதான் உருகும், அதை முதல்ல உருக்கி, பிறகு மற்றதுகளைச் சேர்த்து, அடிக்காமல் தகர டப்பாவில் ஊத்துங்கோ. சட்டியைக் கடதாசியால் துடைச்சுக் குப்பையில் போடுங்கோ, சிங்கில் ஊத்தினால் குழாய்க்குள் இறுகி அடைக்கும், வீட்டுக்காரர் உங்களிட்டைத்தான் காசு கேப்பார். ஆனால் தடிச்சுப் போன தோலை எந்தப் பட்டரும் கரைக்காது. அதுக்கு மருந்துக்கடையில் 20, 25 வீத யூரியா கிரீம் இருக்கு. வெடிப்புத் திறந்து இரத்தம் வாற இடத்தில் அது எரியும், அந்த இடத்தை முதல்ல களிம்பு பூசி மூடி ஆற்றிப்போட்டு, சுற்றியிருக்கிற தடிச்ச தோலில் யூரியாவைப் பூசிப் பருத்திச் சொக்ஸ் போட்டுக்கொண்டு படுங்கோ. காலில் எண்ணெயோடை குளியல் தொட்டிக்குள் இறங்காதேங்கோ. எண்ணெய் ஊறின சொக்ஸ் நெருப்பை இலேசில் பிடிக்கும், சுடுதண்ணியில் வடிவாய்த் தோய்க்காமல் டிரையருக்குள் போட வேண்டாம். அம்மா, அப்பாவுக்கும் செய்து குடுக்கப் போறீங்கள் எண்டால், நீரிழிவு இருக்கிறவை குதிக்காலை பிளேட்டால் சீவுறது, கல்லால் தேய்க்கிறது ஒன்றும் செய்யக்கூடாது. சின்ன வெடிப்பு எண்டாலும் கால் பார்க்கிற கைரோபொடிஸ்ற்றிட்டைக் காட்டவேணும்.

கறுத்த வெடிப்பு வெளுக்கும் எண்டு சொல்லி லேபிள் இல்லாமல் விக்கிற வெள்ளையாக்கிற கிரீம்களைத் தொடாதேங்கோ. அந்த மாதிரிக் கிரீம்களில் பாதரசமும் ஸ்ரீரொயிட்டும் (steroid, அழற்சியை அடக்கிற மருந்து) இருந்ததைக் கண்டு ஹெல்த் கனடா எண்ட மத்திய சுகாதாரத் திணைக்களம் எச்சரிக்கை விட்டிருக்கு. ஸ்ரீரொயிட் முதல் கிழமை அதிசயமாய் ஆற்றும், போகப்போகத் தோலை மெலியப் பண்ணி, முந்தியை விட மோசமாய் வெடிக்க வைக்கும்.

விக்கிறதைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். விக்கலாம், ஆனால் விக்கத் தொடங்கி 10 நாளுக்குள் ஹெல்த் கனடாவுக்கு அழகுசாதன அறிவித்தல் படிவம் அனுப்பவேணும். டப்பாவில் சேர்மானம் எல்லாம் எழுதவேணும், எச்சரிக்கைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கவேணும். ஷியா மரக்கொட்டையில் இருந்து வாறது. கொட்டை ஒவ்வாத பிள்ளையளின்ரை வீட்டுக்கும் உங்கட டப்பா போகும், அதால அதைப் பெரிய எழுத்தில், முன்பக்கத்திலேயே போடுங்கோ.