ரைஸ் ஆஃப் தி ரோனின்: இரு தரப்புகளும் ஒரு வாளும் – கேள்வி பதில்

டீம் நிஞ்சா நிறுவனம் உருவாக்கிய ‘ரைஸ் ஆஃப் தி ரோனின்’ என்ற வீடியோ விளையாட்டு 2024 மார்ச் 22 அன்று பிளேஸ்டேஷன் 5க்கும், 2025 மார்ச்சில் கணினிக்கும் வெளியானது. பேரரசரின் பெயரால் நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான டோகுகாவா ஷோகுன்களின் ஆட்சி சரியத் தொடங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜப்பானில், தலைவன் இல்லாத ஒரு வாள்வீரராக யோகோஹாமா, எடோ (இன்றைய டோக்கியோ), கியோட்டோ ஆகிய நகரங்களில் நாம் அலைகிறோம். ஷோகுனை ஆதரிப்போர், எதிர்ப்போர் என இரு தரப்புகள் நம்மை மாறி மாறி அழைக்கின்றன. இந்த விளையாட்டையும் அதன் பின்னணி வரலாற்றையும் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். ஷோகுனை ஆதரிக்கும் தரப்பில் சேருவதா, எதிர்க்கும் தரப்பில் சேருவதா? தவறான பக்கம் போய்விட்டால் கதையின் பாதி கைநழுவிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

அந்த அச்சம் வேண்டாம். ஒரு தரப்பில் கையெழுத்திட்டுவிட்டு இறுதிவரை அதிலேயே நிற்கும்படி இந்த விளையாட்டு உங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. முக்கியமான பணிகளில் மட்டும் எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்கும். அடுத்த பணியில் நீங்கள் மறுபக்கம் போகலாம். மேலும், நீங்கள் தங்கும் வீட்டிலிருந்தே பழைய பணிகளுக்குத் திரும்பிச் சென்று, வேறு முடிவை எடுத்துப் பார்க்கும் வசதியும் பின்னர் கிடைக்கிறது.

என் பரிந்துரை ஒன்றுதான்: கொடியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அந்தப் பணியில் உங்களோடு நிற்கும் மனிதரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அக்காலத்தில் பலரும் அப்படித்தான் முடிவெடுத்தார்கள். டோசா என்ற சிற்றரசைச் சேர்ந்த சகமோட்டோ ரியோமா 1862இல் ஷோகுன் அரசின் அதிகாரியான காட்சு காய்ஷுவைக் கொல்லும் எண்ணத்தோடு அவர் வீட்டுக்குச் சென்று, அவருடைய பேச்சைக் கேட்ட பிறகு அவருக்கே சீடரானார் என்று காட்சு பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஷோகுன் ஆட்சியை வீழ்த்தியவர்களில் முதன்மையானவராக நினைவுகூரப்படும் ரியோமாவுக்கு, ஷோகுனின் அதிகாரி ஒருவரே ஆசானாக இருந்தார். இந்த முரணை உள்வாங்கிக்கொண்டால் விளையாட்டின் கதை முழுவதும் தெளிவாகிவிடும்.

கேள்வி: உண்மையில் இந்த இரு தரப்புகளும் எதற்காகச் சண்டையிட்டன? விளையாட்டில் பெயர்கள் வேகமாக வந்து போவதால் புரியவில்லை.

1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரி நான்கு போர்க்கப்பல்களுடன் உராகா கடற்கரைக்கு வந்து, துறைமுகங்களைத் திறக்கச் சொன்னார். மறு ஆண்டு ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. 1858இல் ஷோகுனின் முதன்மை அமைச்சரான இய் நாவோசுகே, கியோட்டோவிலிருந்த பேரரசரின் ஒப்புதல் இல்லாமலேயே அமெரிக்காவுடன் வணிக உடன்படிக்கை செய்துகொண்டார். எதிர்த்தவர்களைச் சிறையாலும் மரண தண்டனையாலும் அடக்கினார். துறைமுகங்கள் திறந்ததும் பொருளாதாரம் ஆட்டம் கண்டது. ஜப்பானில் ஒரு பங்கு தங்கத்துக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு வெள்ளி என்ற விகிதமும், வெளிநாடுகளில் ஏறத்தாழ பதினைந்து பங்கு என்ற விகிதமும் நிலவியதால், வெள்ளியைக் கொண்டுவந்து தங்கத்தை அள்ளிச் செல்வது வெளிநாட்டு வணிகருக்கு எளிதான இலாபமாயிற்று. விலைவாசி ஏறியது. நிலையான நெல் ஊதியத்தில் வாழ்ந்த கீழ்நிலைச் சாமுராய்கள்தான் அதில் கடுமையாக அடிபட்டார்கள். வாளேந்திக் கியோட்டோவுக்குக் கிளம்பியவர்களில் பெரும்பாலோர் அவர்களே.

ஆனால் இதை இரண்டே கட்சிகளாக நினைத்தால் குழப்பம் தீராது. சாட்சுமா, சோஷு ஆகிய இரு பெரும் சிற்றரசுகளையும் கவனியுங்கள். 1863இல் சாட்சுமா, ஷோகுனை உறுதியாக ஆதரித்த ஐசு என்ற சிற்றரசுடன் கைகோத்து சோஷுவைக் கியோட்டோவை விட்டு விரட்டியது. 1864இல் அரண்மனை வாயில்களில் நடந்த சண்டையிலும் சாட்சுமா, ஐசு இரண்டும் ஒரே பக்கம். 1866இல் ரியோமாவும் நகாவோகா ஷின்டாரோவும் நடுவில் நின்று பேச, அதே சாட்சுமா சோஷுவுடன் இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டது. 1868இல் அவ்விரண்டும் சேர்ந்து ஐசுவை முற்றுகையிட்டன. ஐந்தே ஆண்டுகளில் இத்தனை திருப்பங்கள். “வெளிநாட்டாரை விரட்டு” என்று முழங்கியவர்களின் நிலையும் அப்படியே மாறியது: 1862இல் யோகோஹாமாவுக்கு அருகிலுள்ள நமமுகியில் சாட்சுமா வீரர்கள் ஓர் ஆங்கிலேய வணிகரை வெட்டிக் கொன்றார்கள், அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் சாட்சுமாவின் தலைநகரான ககோஷிமாவைப் பீரங்கியால் தாக்கின, அதன் பிறகு சாட்சுமா அந்தப் பிரிட்டனிடமிருந்தே ஆயுதமும் அறிவும் பெறத் தொடங்கியது. ஆகவே விளையாட்டில் நேற்றைய நண்பர் இன்று எதிரே வந்து நிற்கும்போது அதைக் கதையின் குறையாக நினைக்காதீர்கள். வரலாறு அதைவிட வேகமாகத் திரும்பியது.

கேள்வி: ஷின்செங்குமியினரை நல்லவர்கள் என்பதா, கெட்டவர்கள் என்பதா?

இரண்டும் பொருந்தாது என்பதே என் கருத்து. 1863இல் கியோட்டோவில் உருவான இக்காவல் படை, நகரத்தின் பாதுகாப்பைப் பொறுப்பேற்றிருந்த ஐசு தலைவர் மட்சுதைரா கதமோரியின் கீழ் இயங்கியது. தலைவர் கோண்டோ இசாமியும் துணைத் தலைவர் ஹிஜிகாட்டா டோஷிசோவும் எடோவுக்கு மேற்கிலுள்ள தாமா பகுதியின் உழவர் குடும்பங்களில் பிறந்தவர்கள். பிறப்பால் சாமுராயாக இல்லாதவர்கள் சாமுராய் ஆட்சியைக் காக்க உயிர்விட்டார்கள் என்பது, எத்தனை முறை படித்தாலும் என்னைக் கலங்க வைக்கிறது. அதே நேரத்தில், விதியை மீறிய சொந்த உறுப்பினர்களையே வயிற்றைக் கிழித்துச் சாக வைத்த கடுமையும் அவர்களுடையதுதான். கோண்டோ 1868இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். இளம் வாள்வீரரான ஒகிதா சோஜியைக் காசநோய் அதே ஆண்டில் கொண்டுபோயிற்று. ஹிஜிகாட்டா 1869இல் வடக்கே ஹகோடாட்டேயில் போரில் வீழ்ந்தார்.

கேள்வி: ஐயா, வாள்சண்டையில் தொடர்ந்து தோற்கிறேன். எதிரி அடித்தால் விலகி ஓடுகிறேன், பிறகு ஓடிவந்து அடிக்கிறேன். இருந்தும் முதல் நகரத்தின் பெரிய எதிரிகளைக் கூடத் தாண்ட முடியவில்லை. என்ன செய்யலாம்?

விலகி ஓடுவதுதான் உங்கள் சிக்கல். இந்த விளையாட்டில் உயிர்க்கோட்டைவிட முக்கியமானது அதன் கீழே ஓடும் ‘கி’ என்ற ஆற்றல்கோடு. அடித்தாலும் தடுத்தாலும் அது குறையும். தீர்ந்துபோனால் நீங்கள் நிலைகுலைந்து நிற்பீர்கள். எதிரிக்கும் இதே விதிதான். நீங்கள் ஓடும் ஒவ்வொரு முறையும் எதிரிக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்கிறீர்கள்.

எதிரியின் வாள் உங்களைத் தொடும் கணத்தில் முக்கோணப் பொத்தானை அழுத்தினால், அவருடைய வெட்டு சிதறி அவரது ஆற்றல் சரியும். ‘கவுன்டர்ஸ்பார்க்’ எனப்படும் இந்த எதிர்வெட்டுதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. தவறினால் உங்கள் உடல் சற்று நேரம் திறந்து கிடக்கும் என்பதால், பலர் பயந்து இதைத் தொடுவதே இல்லை. சாதாரண எதிரிகளிடம் தாக்காமல் நின்று இதை மட்டும் பழகுங்கள். எதிரி இரண்டு மூன்று வெட்டுகளைத் தொடுத்து வீசும்போது கடைசி வெட்டைக் குறிவைப்பது சிறந்தது. முந்தையவற்றைச் சாதாரணமாகத் தடுத்துக்கொள்ளலாம். சிவந்து ஒளிரும் வெட்டு மட்டும் தடுப்பை உடைத்துக்கொண்டு வரும்; அதற்கு எதிர்வெட்டோ விலகலோ தவிர வேறு வழி இல்லை.

இன்னொன்று, நீங்கள் அடித்து முடித்ததும் வாளில் படிந்த இரத்தத்தை ஒரே உதறலில் சிதறடிக்கும் அசைவு. அதைச் செய்தால் செலவழித்த ஆற்றலில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அழகுக்காக வைத்தது என்று நினைத்துப் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். வாளை உருவும் ‘இயாய்’ கலையில் இன்றும் பயிற்றுவிக்கப்படும் அசைவிலிருந்து வந்தது அது. அடி, உதறு, காத்திரு, எதிர்வெட்டு என்ற ஒழுங்கு கைக்கு வந்துவிட்டால் ஓடவே தோன்றாது.

கேள்வி: ஹோகுஷின் இட்டோ-ரியூ, டென்னென் ரிஷின்-ரியூ என்றெல்லாம் வருகின்றனவே, இவை உண்மையான வாள்வீச்சுப் பள்ளிகளா, கற்பனையா?

இவ்விரண்டும் உண்மையானவை. இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன் என்று சொல்லலாம். ஏனெனில் தரப்புகளின் கதையும் வாளின் கதையும் ஒன்றுசேரும் இடம் இதுதான்.

அன்றைய எடோவில் மூன்று வாள்பயிற்சிக் கூடங்கள் பெரும் புகழ் பெற்றிருந்தன. சிபா ஷுசாகுவின் கென்புகான் கூடத்தில் ஹோகுஷின் இட்டோ-ரியூ கற்பிக்கப்பட்டது. சைட்டோ யாகுரோவின் ரென்பெய்கானில் ஷின்டோ முனென்-ரியூ. மூன்றாவது, மோமோனோய் ஷுன்சோவின் ஷிகக்கான். மூங்கில் வாளும் உடற்கவசமும் அணிந்து உயிர்ச்சேதமின்றி மோதிப் பழகும் முறை அதற்குள் பரவியிருந்ததால், வெவ்வேறு பள்ளிகளைச் சேர்ந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பொருத முடிந்தது. அதன் விளைவாக, வேறு எந்த வகையிலும் சந்தித்திருக்க வாய்ப்பில்லாத தொலைதூரச் சிற்றரசுகளின் இளைஞர்கள் ஒரே கூடத்தின் மரத்தரையில் வியர்வை சிந்தினார்கள். சோஷுவின் கட்சுரா கோகோரோ ரென்பெய்கானின் தலைமாணவர். டோசாவின் தகேச்சி ஹன்பெய்தா ஷிகக்கானில் முதன்மை பெற்றார். ரியோமா, ஷுசாகுவின் தம்பி சிபா சதகிச்சியின் கூடத்தில் பயின்றார். பின்னாளில் அரசியலை உலுக்கிய நட்புகள் பலவும் இந்தக் கூடங்களில் முளைத்தவை.

கோண்டோவின் டென்னென் ரிஷின்-ரியூ இவற்றுக்கு நேர்மாறானது. நாட்டுப்புறத்தில் உழவர் பிள்ளைகள் பழகிய முறை அது. மிகத் தடித்த, கனமான மரவாளைக் கொண்டு பயிற்சி செய்தார்கள். சாட்சுமாவின் ஜிகென்-ரியூ மரபில் இன்னும் கடுமை: நட்டுவைத்த மரக்கம்பத்தை ஓலமிட்டபடி ஓயாமல் அடிப்பது, முதல் வெட்டிலேயே எதிரியை முடிப்பது. விளையாட்டில் ரியோமாவோடு நட்பு வளர வளர அவருடைய முறை உங்களுக்குக் கிடைப்பதை வெறும் பரிசாகப் பார்க்காதீர்கள். ஒருவரிடம் வாள் கற்பது அவருடைய வட்டத்துக்குள் நுழைவது என்ற அக்கால உண்மையை விளையாட்டை உருவாக்கியவர்கள் அப்படியே விதியாக்கியிருக்கிறார்கள். அவர்கள் செய்தவற்றுள் இதையே சிறந்ததாகக் கருதுகிறேன்.

கேள்வி: துப்பாக்கிகள் இருந்த காலத்தில் ஏன் வாளோடு மோதினார்கள்? நம்பும்படியாக இல்லையே.

இரண்டும் அருகருகே இருந்தன. 1860இல் எடோ கோட்டையின் சகுராடா வாயிலுக்கு வெளியே இய் நாவோசுகே கொல்லப்பட்ட நிகழ்ச்சியைப் பாருங்கள். பனி பெய்துகொண்டிருந்த காலை. காவலர்கள் வாளின் பிடிகளை ஈரம் படாதபடி உறையிட்டு மூடியிருந்ததால் உடனே உருவ முடியவில்லை. தாக்கியவர்கள் பதினெட்டுப் பேர்: பதினேழு பேர் மிட்டோ சிற்றரசைச் சேர்ந்தவர்கள், ஒருவர் சாட்சுமாக்காரர். பல்லக்கை நோக்கிக் கைத்துப்பாக்கி வெடித்தது. வாள்களும் வேலை செய்தன. ரியோமாவும் 1866இல் ஃபுஷிமியின் டெராடாயா விடுதியில் சுற்றிவளைக்கப்பட்டபோது கைத்துப்பாக்கியால் சுட்டுத்தான் தப்பினார். மறு ஆண்டு கியோட்டோவில் துப்பாக்கியை எடுக்கும் நேரம் கிடைக்காமல் வாளுக்கு இரையானார். இருட்டிலும் தாழ்ந்த கூரை கொண்ட அறைகளிலும் குறுகிய சந்துகளிலும் வாள் இன்னும் விரைவான ஆயுதமாக இருந்தது. திறந்தவெளிப் போர்க்களத்தில் நிலைமை வேறு: 1868 ஜனவரியில் டோபா–ஃபுஷிமியில், எண்ணிக்கையில் மிகுந்திருந்த ஷோகுன் படையே தோற்று ஓடியது. விளையாட்டில் அம்பையும் துப்பாக்கியையும் துணை ஆயுதங்களாக வைத்திருப்பது, தெருச்சண்டையைப் பொறுத்தவரை நியாயமானதே.

கேள்வி: அப்படியானால் இய் நாவோசுகேயைக் காப்பாற்றும் தேர்வு விளையாட்டில் இருப்பது வரலாற்றைத் திரிப்பது ஆகாதா?

அந்தப் பணியில் தாக்கவும் காக்கவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். முடிவை நான் சொல்லப் போவதில்லை. கொன்றவர்களின் பக்கமும் கொல்லப்பட்டவரின் பக்கமும் நின்று ஒரே பனிக்காலையைப் பார்க்க முடிகிறது என்பதால், அதைத் திரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையான திரிப்பு வேறிடத்தில் இருக்கிறது: உங்கள் வீரர் ஓராண்டு இடைவெளிகூடத் தெரியாமல் எல்லா நிகழ்ச்சிகளிலும் இருக்கிறார், எல்லாப் பெரியவர்களும் அவரையே தேடி வருகிறார்கள். ஆண்டு வரிசை மனத்தில் பதிய வேண்டுமானால் ஒவ்வொரு பணிக்குப் பிறகும் அந்த நிகழ்ச்சியைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. பெண் வீரராக விளையாடலாமா? அக்காலத்தில் வாளேந்திய பெண்கள் உண்மையில் இருந்தார்களா?

தாராளமாக விளையாடலாம், தொடக்கத்தில் உருவாக்கும் இரு வீரர்களையும் நீங்கள் விரும்பியபடி அமைத்துக்கொள்ளலாம். பெண்கள் இருந்தார்கள். ஐசுவின் நகானோ டகேக்கோ 1868இல் தம் சிற்றரசு முற்றுகையிடப்பட்டபோது, நீண்ட பிடியில் வளைந்த அலகு கொண்ட ‘நகினாட்டா’வை ஏந்திப் பெண்கள் குழுவொன்றை வழிநடத்தி, குண்டு பாய்ந்து இறந்தார். ரியோமா பயின்ற கூடத்தின் ஆசிரியர் மகள் சிபா சனாவும் தேர்ந்த ஆயுதப் பயிற்சி பெற்றவர்.

கேள்வி: கோஸ்ட் ஆஃப் சுஷிமா முடித்துவிட்டேன். இது அதைவிட நன்றாக இருக்குமா?

காட்சியழகில் இருக்காது. 2020இல் வந்த அந்த விளையாட்டின் புல்வெளியும் காற்றும் இதில் இல்லை. நகரத் தெருக்களும் மலைகளும் பல இடங்களில் பழைய தலைமுறைத் தோற்றத்தோடு இருக்கின்றன. அது 1274 மங்கோலியப் படையெடுப்பைப் பற்றியது என்பதால் எதிரி யார் என்பதில் ஐயமே எழுவதில்லை. இங்கே ஐயம்தான் கதை. வாள்சண்டையின் ஆழத்தில் இதுவே மேல் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: டீம் நிஞ்சாவின் நியோ எனக்கு மிகக் கடினமாக இருந்தது. இதுவும் அப்படித்தானா?

இல்லை. இதில் கடினநிலையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், இடையில் மாற்றவும் செய்யலாம். முக்கியப் பணிகள் பலவற்றில் துணைவர்கள் உடன் வருவார்கள். நீங்கள் நெருக்கடியில் இருக்கும்போது அவர்களில் ஒருவராக மாறிச் சண்டையைத் தொடரலாம். இணையவழி நண்பர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். எளிய நிலையில் தொடங்குவதில் எந்தக் குறையும் இல்லை, எதிர்வெட்டை மட்டும் அங்கேயே பழகிவிடுங்கள்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. ஜப்பானிய வரலாற்றில் ஆர்வம் உள்ளவன். வாங்கித் தரலாமா?

இப்போது வேண்டாம். இது வயது வந்தோருக்கென வகைப்படுத்தப்பட்ட விளையாட்டு. தலையும் கையும் துண்டிக்கப்படும் காட்சிகள் இடைவிடாமல் வரும். வரலாற்று ஆர்வத்துக்குப் பெர்ரியின் வருகையிலிருந்து 1876இல் பொது இடங்களில் வாள் அணிவதைத் தடைசெய்த சட்டம் வரையிலான நிகழ்ச்சிகளை ஒரு காலக்கோடாக வரைந்து சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அவன் வளர்ந்து இதை விளையாடும்போது, திரையில் வரும் ஒவ்வொரு பெயரும் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.