அடுப்பு, புகைக்குழாய், கரி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கொடைக்கானலில் பழைய பங்களாக்களின் கணப்புகளை, அதாவது குளிர்காயச் சுவரில் கட்டிய நெருப்பிடங்களை, பழுது பார்த்திருக்கிறேன். இப்போது உச்சிப்புளி, மண்டபம் பக்கம் புகைக்குழாய் வைத்த விறகு அடுப்பு கட்டிக் கொடுக்கிறேன். அதனால்தான் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, எங்கள் அடுப்பின் புகைக்குழாய் இணைப்பில் தார் மாதிரி கறுப்பாக வடிகிறது. போன வாரம் குழாய்க்குள் 'ஹோ'வென்று இரைச்சல் கேட்டு, தானாக அடங்கிவிட்டது. பயப்பட வேண்டுமா?

பயப்படத்தான் வேண்டும் தம்பி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குழாய்க்குள் படிந்த கரி பற்றி எரிந்திருக்கிறது. விறகு சரியாக எரியாமல் புகைந்தால், அந்தப் புகையோடு தாரும் நீராவியும் சேர்ந்து மேலே போகும். குழாய்க்குள் சூடு சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிட்டால் அவை சுவரில் ஒட்டிக்கொள்ளும். முதலில் பொடியாக இருக்கும், அப்புறம் பொருக்காகும், கண்டுகொள்ளாமல் விட்டால் பளபளவென்று கெட்டியாகிவிடும். அத்தனையும் எரியக்கூடியது. என்றைக்காவது அவசரத்துக்குக் காய்ந்த ஓலையைத் திணித்து எரித்து, ஜுவாலை குழாய்க்குள் ஏறினால் போதும், பற்றிக்கொள்ளும். உள்ளே சூடு 1000 டிகிரியைத் தாண்டலாம். சிமெண்ட் குழாய் வெடித்துவிடும், தகரக் குழாய் சிவந்து பக்கத்தில் இருக்கிற மரத்தையும் கூரையையும் பிடித்துவிடும்.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஈர விறகு. நம் பக்கம் சீமைக்கருவேலம் தாராளமாகக் கிடைப்பதால் வெட்டிய கையோடு அடுப்பில் வைக்கிறோம். நல்ல விறகுதான், ஆனால் பச்சையாக எரித்தால் அதன் சூட்டில் பெரும்பகுதி தண்ணீரைக் காய்ச்சவே போய்விடும், மிச்சம் புகைதான். விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். உருட்டையாக வைக்காமல் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றாட ஆறு மாதம் விடுங்கள். காய்ந்த விறகு நுனியில் வெடித்திருக்கும், இரண்டைத் தட்டினால் 'ணங்'கென்று கேட்கும். சோறு வடித்த பிறகு அடுப்பை மூட்டமாகப் போட்டு மணிக்கணக்கில் புகையவிடுகிற பழக்கத்தையும் விடுங்கள், கரி அதில்தான் அதிகம் படிகிறது.

குழாயை மாதம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். உள்ளே 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் படிந்திருந்தால் கம்பி பிரஷ் விட்டுத் தேய்த்துவிட வேண்டும். உங்கள் குழாயில் ஒரு தடவை பற்றிவிட்டதால், முழுசாகக் கழற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும்வரை அடுப்பை மூட்டாதீர்கள்.

தொண்டியிலிருந்து: அப்படிப் பற்றிக்கொண்டால் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றலாமா?

கூடவே கூடாது. பழுக்கக் காய்ந்த குழாயில் தண்ணீர் பட்டால் வெடித்துச் சிதறும், கொதிநீராவி ஊற்றுகிற ஆள் முகத்தில் அடிக்கும். அடுப்பு வாயைத் தகரத்தால் மூடிக் காற்றை அடையுங்கள். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு 101-ஐக் கூப்பிடுங்கள். ஓலைக்கூரை என்றால் தண்ணீரைக் கூரைமேல் தெளித்து நனைக்கலாம், அதுவும் தரையில் நின்றபடி. யாரும் கூரைமேல் ஏற வேண்டாம்.

சாயல்குடி பக்கம் கருப்பட்டி காய்ச்சும் ஒரு அக்கா: காய்ச்சுகிற குடிசையான விடிலியே ஓலை, எரிக்கிறதும் ஓலை. ஒவ்வொரு வருஷமும் எங்கேயாவது ஒரு விடிலி எரிகிறது. என்னதான் செய்வது?

அக்கா, உங்கள் கேள்விதான் எனக்கு மனசை உறுத்துகிறது. காவோலை, அதாவது காய்ந்த பனை ஓலை, நீளமாக எரியும், அதன் பொறி லேசானது, காற்றில் வெகுதூரம் போகும். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு பொறி அடுத்த வீட்டுக் கூரை வரைக்கும் போய்விடும். நான் பார்த்தவரை பதநீர் பாகாகிற நேரம்தான் ஆபத்து. எல்லார் கண்ணும் சட்டியில் இருக்கும், அடுப்பு வாயில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஓலையை யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்துக்கு ஒரு ஆள் அடுப்பை மட்டும் பார்க்கட்டும். ஓலையைச் சின்னதாக நறுக்கி, உள்ளே போகிற அளவுக்குத்தான் வையுங்கள். எரிக்கிற ஓலைக்குவியல் எப்போதும் காற்று வருகிற பக்கம் இருக்கட்டும், அப்போது பொறி குவியலை விட்டு விலகிப் போகும். அடுப்புக்கு மேலே கூரைக்கு அடியில் தகரம் கட்டலாம். ஆனால் ஓலையோடு ஒட்டிக் கட்டினால் தகரம் சூடாகி ஓலையைப் பொசுக்கும், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். புகைக்குழாய் வைப்பதாக இருந்தால் அதை ஓலைக்குள் நுழைக்காமல் மண்சுவர் வழியாக வெளியே எடுத்து, எந்த இடத்திலும் ஓலைக்கு ஒன்றரை அடி தள்ளி நிறுத்தி, கூரைக்கு மேலே மூன்று அடியாவது உயர்த்திவிடுங்கள். குழாயின் மேல்வாயில் கம்பி வலையும் போடுங்கள். அந்த வலையிலும் கரி அடைக்கும், அதையும் தட்டிவிட வேண்டும்.

பாம்பனிலிருந்து: கரை ஒதுங்கும் கட்டை, உடைத்த வள்ளத்துப் பலகை இதெல்லாம் எரிக்கலாமா? சும்மா கிடைக்கிறதே.

சும்மா கிடைப்பது உண்மைதான், ஆனால் வேண்டாம். கடலில் ஊறிய கட்டையில் உப்பு இறங்கியிருக்கும். எரியும்போது அந்தக் குளோரின் அமிலமாகிக் குழாயை அரிக்கும், புகையிலும் நஞ்சு கலக்கும். ஏற்கனவே உப்புக்காற்றே நம் ஊரில் தகரத்தை விட்டுவைப்பதில்லை. வள்ளத்துப் பலகையில் பெயிண்டும் தாரும் இருக்கும், பைபர் படகுத் துண்டு அதைவிட மோசம். அந்த அடுப்பில் மீன் சுடுவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

கீழக்கரையிலிருந்து ஒரு அம்மா: என் மகன் இங்கிலாந்தில் பழைய வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறான். கணப்பு இருக்கிறது, குளிருக்கு மூட்டலாமா என்று கேட்கிறான்.

முதலில் வீட்டுக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கம்மா. பழைய வீடுகளில் கணப்பு பார்வைக்கு இருக்கும், மேலே புகைபோக்கியை அடைத்திருப்பார்கள், பறவை கூடு கட்டியிருக்கும். அங்கே புகைபோக்கி சுத்தம் செய்வதற்கென்றே தொழில்காரர்கள் உண்டு, வருஷம் ஒரு முறையாவது கூப்பிட வேண்டும். இங்கிலாந்தில் 2021 முதல் சின்ன அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, முத்திரை பார்த்து வாங்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் அந்த அறையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நெருப்புக்கு முன்னால் மூன்று அடிக்குள் சோபா, திரை, துவைத்த துணி எதுவும் வேண்டாம். தூங்கப் போகும்முன் நெருப்பு அடங்கியிருக்க வேண்டும்.

தேவிபட்டினத்திலிருந்து: பிள்ளை பெற்றவள் அறையில் அடைமழைக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று கரிக்கங்கு வைக்கச் சொல்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். சரிதானா?

மூடிய அறையில் கங்கு வைக்காதீர்கள். புகை இல்லையே என்று நினைப்பார்கள். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அப்புறம் மயக்கம். தூங்குகிறவர்களுக்கு அதுகூடத் தெரியாது, பச்சைக் குழந்தைக்குச் சொல்லவும் தெரியாது. சாம்பிராணி போட்டாலும் கதவைத் திறந்து வைத்து, போட்டவுடன் சட்டியை வெளியே எடுத்துவிடுங்கள். கதகதப்புக்குக் கம்பளியும் தாயின் உடம்புச் சூடும் போதும். பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ராமநாதபுரம் டவுனிலிருந்து: எங்களிடம் இருப்பது கேஸ் அடுப்புக்கு மேலே கரண்ட் சிம்னி. அதிலும் தீப்பிடிக்குமா?

பிடிக்கும். அங்கே கரிக்குப் பதில் எண்ணெய்ப் பிசுக்கு. மீன் பொரிக்கிற வீடு என்றால் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஏர்வாடியிலிருந்து: சாம்பலை எப்போது கொட்டலாம்?

மேலே ஆறியிருந்தாலும் சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளி, சாக்கு, அட்டைப்பெட்டி வேண்டாம். மூடியுள்ள தகர டப்பாவில் அள்ளி, வீட்டை விட்டுத் தள்ளி மண்தரையில் வையுங்கள். தண்ணீர் தெளித்துக் கிளறி, கை வைத்துச் சூடு இல்லை என்று பார்த்த பிறகு தென்னைக்குப் போடுங்கள். ஆடிக்காற்று நேரத்தில் குப்பைமேட்டில் மட்டும் கொட்டாதீர்கள்.